ஆறு மில்லிகிராம்

படிவத்தில் ஒரு கட்டம் உண்டு: நோய்.
அதில் மூப்பு என்று எழுதினால்
காப்பீட்டுக்காரன் திருப்பி அனுப்புவான்.
நரைக்கும் திரைக்கும் அவனிடம் எண் கிடையாது.

அதனால் ராட்னி சாரி ரொக்கமாகத் தருகிறான்,
நாலு வாரத்துக்கு ஒருமுறை,
கையுறையைக் கழற்றாமலே நோட்டுகளை எண்ணி.
அறுபத்து நாலு வயது. டுலூத் துறைமுகத்தில்
கப்பலுக்கு இரும்புத்தாது ஏற்றி முப்பத்தேழு வருஷம்.
சீட்டெழுதிய டாக்டர் வேறொரு மாநிலத்தில்,
கணினித் திரைக்குள் இருக்கிறார்.
இவன் நாடியை அவர் தொட்டதில்லை.

ஞாயிறுதோறும் ஆறு மில்லிகிராம்.
ஈஸ்டர் தீவின் மண்ணில் ஏதோ ஒரு நுண்ணுயிர் சுரந்தது.
"ஃபின்னிஷில் என் பெயருக்கும் தீவு என்றுதான் அர்த்தம்"
என்றான் முதல் தடவை,
அதுவும் ஒரு மருந்துச் சீட்டு என்பதுபோல.

அதே அலமாரியிலிருந்து அதே மாத்திரையை
ஜோலீன் டிராஸ்க்குக்கும் தருகிறேன்.
இருபத்தொன்பது வயது. அண்ணன் கொடுத்த சிறுநீரகம்.
அவள் உடம்பின் காவலாளிகளிடம் அது சொல்கிறது:
கம்பைக் கீழே போடு,
வந்திருப்பது திருடனில்லை, உறவு.
இவன் உடம்பிடம் ஒரு பொய்:
பஞ்சம் வந்துவிட்டது,
புதிதாகக் கட்டாதே, இருப்பதை ஒட்டுப்போடு.

எலிகள் கூடுதலாக வாழ்ந்தன என்று குறிப்பேட்டைக் காட்டுவான்.
எலிகள் இந்தக் கவுன்டருக்கு வருவதில்லை என்பேன்.
மனிதர்கள்?
இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.
உதவாது என்று எனக்குத் தெரியாது. உதவும் என்றும்.
இருபத்தாறு வருஷம் மாத்திரை எண்ணிய கை
இந்தத் தெரியாததை எந்தக் குப்பியில் போட்டு மூடும்?

நவம்பரில் கையுறையைக் கழற்றச் சொன்னேன்.
கட்டைவிரலில் மீன்கத்தி கிழித்த வெட்டு,
ஐந்து வாரமாகியும் உதடு மூடவில்லை.
வாய்க்குள்ளும் புண்.
சூப் குடித்தால் கண்ணில் நீர் வருகிறதாம்.
பிறகு அந்தச் சாறு சங்கதி.
கிரேப்ஃப்ரூட் சாற்றோடு விழுங்கினால்
மருந்து ரத்தத்தில் ஏறும்,
ஆறில் மூன்றை மிச்சம் பிடிக்கலாம் என்று
யாரோ சொன்னார்களாம்.
பழத்தில் அளவுக்கோடு போட்டிருக்கிறதா, ராட்னி?
கத்திவிட்டேன்.
ஃப்ளூ ஊசிக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

சாக அவ்வளவு பயமா?
கேட்டிருக்கக் கூடாது.

கண்ணாடிக்கு வெளியே வண்டியைக் காட்டினான்.
முன்னிருக்கையில் டெல்லா, வயது முப்பத்தொன்று.
கோட்டுப் பொத்தானை இன்னும் அவன்தான் போட்டுவிட வேண்டும்.
துடைப்பான் போகும் பக்கமெல்லாம்
தலையும் போய் வந்துகொண்டிருந்தது.
"நல்ல இதயம் அவளுக்கு.
அறுபதைத் தாண்டுவாள் என்கிறார்கள்.
கூட்டிப் பாருங்கள்."

கூட்டினேன். தொண்ணூற்று நாலு.
மூடியைத் திறந்து மூடினேன்.

கட்டுப் போட்டுவிட்டேன்.
ஆறும்வரை நிறுத்துங்கள் என்றேன்,
டாக்டரை நானே அழைக்கிறேன்,
ரத்தம் எடுத்துப் பார்க்கட்டும்.
"நிறுத்துகிற வாரங்களை
எந்த முனையிலிருந்து கழிப்பார்கள்?" என்றான்.

ஜோலீன் நிறுத்தினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.
தெரிவதில் இவ்வளவு நிம்மதி இருந்தது
அன்றைக்குத்தான் உறைத்தது.

பையை எடுக்காமல் போய்விட்டான்.
மறந்தானா, என் பேச்சுக்கு மதிப்பா, காசில்லையா.
சாரி, ஆர். என்ற சீட்டோடு கொக்கியில் தொங்குகிறது.
பத்து நாள் வைத்திருப்போம்,
பிறகு மாத்திரைகள் அலமாரிக்குத் திரும்பும்.
இன்று ஒன்பது.

ஏரியிலிருந்து வடகிழக்குக் காற்று,
கடைப்பலகை படபடக்கிறது.
ஃபோன் செய்தேன்.
எடுத்தது டெல்லா. ஹலோ இல்லை, மூச்சு மட்டும்.
பின்னால் எங்கோ குழாயில் தண்ணீர் ஓடியது,
வெகுநேரம்,
யாரோ ஒரு கையை மட்டும்
நனையாமல் தூக்கிப் பிடித்துக் குளிப்பதுபோல.