நாலு நிமிடம் பன்னிரண்டு நொடி

காட்பாடியில் சித்தூர் பஸ் நிற்கும் முனை.
மாடியில் எங்கள் கடை.
ஜெராக்ஸ், லேமினேஷன், ஆதார் திருத்தம்,
கேட்டால் ஸ்லைடு ஷோவும்.
மே மாதத்து மூன்று மணி.
சிபியூ மேல் கை வைத்தால்
தோசைக்கல் ஞாபகம் வரும்.

சம்பூரணம் அம்மா மஞ்சள் பையில்
பத்தொன்பது போட்டோ கொண்டுவந்தார்.
முப்பத்துநாலு வருஷ ரயில்வேக்குப்
பத்தொன்பது.
"வர்ற முப்பத்தொண்ணு ரிடயர்மென்ட்டு.
ஹால்ல ஸ்கிரீன் கட்றாங்களாம்.
பாட்டோட வேணும்."
கூட வந்த பெர்னாட் தலையாட்டினார்,
அதே கேங், அதே நீலச் சட்டை.

ஸ்கேன் செய்துகொண்டே பார்த்தேன்.
எத்திராஜ் என்கிற அந்த மனுஷர்
பன்னிரண்டு படத்தில் கண்ணை மூடியிருக்கிறார்.
ஒன்றில், லத்தேரி பிளாட்பாரத்தில்,
ஸ்பேனரும் சுத்தியலுமாக நிற்கிறார்
வேறு யாரையோ எடுத்த படத்தின் ஓரத்தில்.

பின்னணிக்கு முதலில் பியானோ போட்டேன்,
கம்ப்யூட்டரோடு வந்தது, இலவசம்.
வீட்டுக்கடன் விளம்பரத்தில் வருகிறவர் மாதிரி ஆகிவிட்டார்.
வயலின் போட்டேன்.
"ஐயோ, உயிரோட கீறாரும்மா" என்றார் பெர்னாட்.
தவில் அதிரும் ஒன்றைப் போட்டதும்
அதே படம், அதே மூடிய கண்,
வார்டு கவுன்சிலர்.
ஒரு முகத்துக்குள் இத்தனை பேர் காத்திருப்பது
நாலு வருஷமாக இந்த வேலை பார்க்கும் எனக்கே
அன்றுதான் தெரிந்தது.

"எங்க மாப்பிள்ள ஊதுனது கீது"
அம்மா போனை நீட்டினார்.
பேண்டு செட்டில் கிளாரினெட்டாம்.
மொட்டைமாடியில் பதிந்தது,
நடுவில் யார் வீட்டுக் குக்கரோ ஒரு விசில்.
நாலு நிமிடம் பன்னிரண்டு நொடி.
எல்லா ஸ்லைடிலும் தொடர்ந்து ஒலிக்க டிக் போட்டு
ஸ்பீக்கர் படத்தை மறைத்து
ஓடவிட்டேன்.

படத்துக்கு ஐந்து நொடி.
ஒன்றரை நிமிடம் தாண்டியதும்
முப்பத்துநாலு வருஷம் தீர்ந்துபோனது.
திரை கறுத்தது.
பாட்டு மட்டும் போய்க்கொண்டேயிருந்தது
கடைசிப் பெட்டி கடந்த பின்னும்
தண்டவாளம் முனகுமே, அப்படி.

"பாட்டை வெட்டிடலாமா?"
"மாப்பிள்ள கோச்சிக்கும்."
படத்தை இழுத்தால் ஒன்றுக்குப் பதின்மூன்று நொடி.
அவ்வளவு நேரம் பார்த்தால்
படத்தில் இருப்பவர்
நம்மைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்.
ரோஜாப்பூ டெம்ப்ளேட் காட்டினேன்.
சூரியன் இறங்கும் கடல் காட்டினேன்.
"கடலுக்கு எங்க போறது,
பாலாத்துலயே தண்ணி இல்ல."

இன்னொரு தரம் ஓட்டச் சொன்னார்.
கறுப்பு வந்தது.
கிளாரினெட் இறங்கி, மூச்சு வாங்கி, ஏறியது.
குக்கர் விசில் அடித்தது.
அம்மா பார்த்துக்கொண்டிருந்தார்
ஒன்றுமில்லாத திரையை,
முகத்தைச் சற்று முன்னால் நீட்டி.

"இது இப்டியே இருக்கட்டும்மா.
ராத்திரி ரோந்துக்குப் போவாரு
லத்தேரிலேர்ந்து காவனூரு வரிக்கும்.
மழன்னா கண்டிப்பா போவணும்.
தூக்கம் வராம இருக்க
கட்டய எண்ணிக்கினே நடப்பாராம்.
அப்ப யாரு போட்டோ எடுத்தாங்க?"

ஸ்லைடுக்கு இருபது ரூபாய்.
முந்நூற்று எண்பது எண்ணி வைத்துவிட்டு
"இருட்டுக்கு?" என்றார்.
சுவரில் ஒட்டிய விலைப்பட்டியலைத் திரும்பிப் பார்த்தேன்,
நானே டைப் அடித்ததுதான்.

ஜூன் மூன்றாம் தேதி பெர்னாட் வந்தார்
ரேஷன் கார்டு ஜெராக்ஸுக்கு.
கறுப்பு வந்ததும் யாரோ
"அவ்ளோதாம்பா" என்று லைட் போட எழுந்தாராம்.
எத்திராஜ் கையைக் காட்டி
உட்காரச் சொன்னாராம்.

"அழுதாரா?"
"இல்லம்மா. பாட்டு முடியிற வரிக்கும்
ஒதடு மட்டும் அசஞ்சிக்கினே இருந்திச்சி."
"பாட்டு கூடப் பாடினாரா?"
பெர்னாட் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.
"ரெண்டு பக்கமும் போடும்மா" என்றார்,
கார்டைத் திருப்பிக் கொடுத்து.