பதினோராம் நாள், பத்தாம் வகுப்பு

சாட்ஸ்வர்த், யூனிட் ஏழு.
பதினோரு நாளாகக் குழாய்க்கு இருமல்.
திறந்தால் ஒரு செருமல்,
அப்புறம் வெறும் காற்று.

மிஸ் படையாச்சி பலகையில் எழுதினார்:
தேவை: இல்லாவிட்டால் வாழ முடியாதது.
விருப்பம்: இல்லாவிட்டாலும் வாழ முடிவது.
நடுவில் அடிக்கோல் வைத்து ஒரு நேர்கோடு.
துடைக்க ஈரத்துணி இல்லாததால்
நேற்றைய பாடத்தின் எல்லைக்கோடுகள்
அடியில் வெளுப்பாகத் தெரிந்தன.

அரிசி, கைபேசி, தடுப்பூசி, அத்தர்.
பிரித்து எழுதச் சொன்னார்.
இரண்டு நிமிடத்தில் முடித்தோம்.

பட்டியலில் இல்லாததைக் கேட்டவன் பிரெஷன்.
"நேற்று அக்காவுக்கு மெட்ரிக் நடன விருந்து.
வீட்டிலிருந்த கடைசி வாளியை
தலைக்கு ஊற்றிக்கொண்டு போய்விட்டாள்.
அது கோட்டுக்கு எந்தப் பக்கம்?"

வகுப்பே சிரித்தது.
"விருப்பம்," என்றாள் தவாஷ்னி,
எண்ணெய்ப் பிசுக்கேறிய தன் பின்னலை
முதுகுக்குப் பின்னால் தள்ளியபடி.
நான் 'தேவை' என்று எழுதி, அடித்து,
கடைசியில் கோட்டின் மேலேயே எழுதினேன்.

லிண்டெல்வா கை தூக்கவில்லை.
ஜன்னலுக்கு வெளியே
சரிவில் அடுக்கிய தகரக் கூரைகளைப் பார்த்தபடி சொன்னாள்:
"அங்கே நாற்பது வீட்டுக்கு ஒரு குழாய்.
நான் பிறந்ததிலிருந்து அப்படித்தான்.
உங்கள் பதினோரு நாளுக்குப் பெயர் பற்றாக்குறை.
எங்கள் பதினைந்து வருடத்துக்கு
புத்தகத்தில் என்ன பெயர், மிஸ்?"

மிஸ் பின்பக்கத்து அருஞ்சொல் பட்டியலைத் திறந்தார்.
விரல் மெல்ல இறங்கிப் போனது.
கடைசிச் சொல்லில் சற்று நின்றது.
மூடினார்.
"தெரியவில்லை," என்றார்.

வெளியே தண்ணீர் லாரியின் ஹாரன்.

'போதிய நீருக்கு எவருக்கும் உரிமை உண்டு' என்று
இருபத்தேழாம் பிரிவு ஒட்டிய சுவரை
உரசிக்கொண்டே ஓடினோம்.
எங்களுக்கு வரிசை தெரியவில்லை.
முண்டினோம், பாதியைத் தரைக்குக் கொடுத்தோம்.
லிண்டெல்வா ஒரு கல்லை வைத்தாள்.
கல்லுக்குப் பின்னால் கேன்,
கேனுக்குப் பின்னால் ஆள்.
கைக்குழந்தைக்காரி மட்டும் கல் வைக்க வேண்டாமாம்.
"யார் போட்ட சட்டம்?" என்று கேட்டான் பிரெஷன்.
"யாரும் போடவில்லை.
ஒரே ஒரு குழாய் இருந்தால் அதுவே போட்டுவிடும்."

வெள்ளிக்கிழமை தேர்வு.
கேள்வி மூன்று: பற்றாக்குறை, வரையறுக்க.
இரண்டு மதிப்பெண்.
எல்லோரும் புத்தகத்து வரியையே எழுதினோம்,
ஒரு காற்புள்ளி பிசகாமல்.
லிண்டெல்வாவும்தான்.
இரண்டு மதிப்பெண்ணாயிற்றே.