பண்ணையின் வரலாறு, ஐந்து வரிக்குள்

வங்கிப் படிவத்தில் பதினோராம் கேள்வி:
'தோட்டம் தொடங்கிய ஆண்டு, சுருக்கமான வரலாறு.'
கீழே ஐந்து புள்ளிக்கோடு.
பேனை மேசைக்காலோடு நூலில் கட்டுண்டு கிடக்கிறது,
குழப்படி ஆட்டுக்குட்டி மாதிரி.

எந்த ஆண்டைப் போட?

கிணற்றுக் கட்டில் 1973 என்றிருக்கிறது.
ஈரச் சீமெந்தில் மாமா விரலால் இழுத்தது.
மூன்று இடம் வலம் மாறி நிற்கும்;
ஐயம்பிள்ளைக்கு இலக்கம் மனத்தில்தான் நேராக நின்றது.
புங்குடுதீவின் உவர்த்தண்ணீரை விட்டு
ஈரச்சாக்கில் சுற்றிய மிளகாய்க் கன்றோடு
முத்தையன்கட்டு இடதுகரைக்கு வந்த மனிதர்.
வெளிநாட்டு மிளகாய் வராத காலம்.
செத்தல் விற்ற காசில் கிணறு,
மிச்சக் காசில் ஒரு றேடியோ,
அதற்கும் மிச்சத்தில் கடன்.
கிணறு வெட்ட முதல் இரண்டு வருசம்
வாய்க்கால் தண்ணீருக்கு இரவிரவாய்க் காவல் கிடந்ததை
எந்தக் கட்டிலும் எழுதவில்லை.

நான் மருமகளாய் வந்தது தொண்ணூற்று நாலில்.
யூரியா தடை, பெற்றோல் தடை, பற்றரி தடை.
மண்ணெண்ணெயில் ஓடும் பம்புக்கு
மருந்தூசியால் ஐந்து துளி பெற்றோல் காட்டி
உசுப்புவார் என் மனுசன்.
ஆறாவது துளி விழுந்தால் அன்றிரவு பேச்சில்லை.
கத்தரி, பயிற்றை, பாகல், வேலியோரம் தேசி.
சந்தைக்குச் சைக்கிள்; ஒரு நடைக்கு நூற்றிருபது கிலோ,
ஏற்றம் வந்தால் இறங்கித் தள்ளு.
இதையெல்லாம் எந்தக் கோட்டில்?

இரண்டாயிரத்து எட்டு, கார்த்திகை மழை.
முந்நூறு பூசணி காம்போடு கிடந்தன.
லொறி வரவில்லை.
பிறகு நாங்களும் இல்லை.

திரும்பி வந்தது பத்தாம் ஆண்டு ஆவணி.
நாலு பேராய்ப் போனவர்கள் மூன்று பேராய்.
படலையில் சிவப்பு மண்டையோட்டுப் பலகை.
பூசணிக்கொடி அதில் ஏறி
மண்டையோட்டின் ஒரு கண்ணை மூடியிருந்தது.
விட்டுப்போன முந்நூறும் அழுகி வெடித்து
தாமாக முளைத்து, பூத்து, காய்த்து,
மறுபடி அழுகி, மறுபடி முளைத்து,
வரம்பு தெரியாமல், எங்களைத் தெரியாமல்
இரண்டு ஏக்கரும் பூசணி.
கண்ணிவெடி எடுக்கிற பெடியன்
முகக்கவசத்துக்குள்ளால் சொன்னான்:
"நல்ல விளைச்சல் அக்கா. தொட்டுப்போடாதேங்கோ."

பன்றி தின்றது.
யானை ஓர் இரவு வந்து, ஒன்றும் ஆகாமல்
தின்றுவிட்டுப் போனது.

இப்போது பப்பாசி, எண்ணூறு மரம்.
மகள் அனுசுதா விடியமுன்
கைபேசியில் தம்புள்ளை விலை பார்த்து
அங்கிருக்கிற தரகரைத் தமிழிலும் சிங்களத்திலும் ஏசுவாள்.
சொட்டுநீர்க் குழாய்க்குத்தான் இந்தக் கடன்.

பன்னிரண்டாம் கேள்வி: காணி அனுமதிப்பத்திரம் யார் பெயரில்?
மாமா பெயரில். அவருக்குப் பின் என் மனுசன்.
'இருவரின் மரணச் சான்றிதழையும் இணைக்கவும்.'
மாமாவினது இருக்கிறது, இணைத்தேன்.
மற்றதை நான் எடுக்கவில்லை.
எடுக்கிற எண்ணமும் இல்லை.
அந்தக் கட்டத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டு
பதினொன்றுக்குத் திரும்பி எழுதினேன்:
'2009. பூசணி தொடங்கியது.
நாங்கள் அப்போது அங்கு இல்லை.'

மனேஜர் வாசித்தார்.
"ஆண்டு மட்டும் காணும் அம்மா" என்றார்.

மூன்று கோடு இன்னும் வெறுமையாய்க் கிடக்கிறது.
வெளியே அனுசுதா ஹோர்ன் அடிக்கிறாள்.
மோட்டார்சைக்கிளில் இரண்டு பெட்டி பழம்;
வெயில் ஏறுகிறது.