அரைப் போத்தல்

தீர்த்தத்துக்கு முந்தின இரவு.
திருக்கோவில் கடற்கரை முழுக்கக் கச்சான் கடைகள்,
பிளாஸ்ரிக் ஊதுகுழல்கள்,
காணாமற்போன பிள்ளைகளை வாசிக்கும் ஒலிபெருக்கி.

வீட்டில் நானும் மச்சாளும்.
கோயிலுக்குப் போகாததற்கு
அவளுக்கொரு காரணம், எட்டு மாதம்.
எனக்கொரு காரணம், பின்னேரம் மூன்று மணிக்கு வந்தது,
பதினொரு நாள் பிந்தி.

பதினொரு நாள்.
ஒருவருக்கும் சொல்லவில்லை.
போன கிழமைத் தலையிடிக்குப்
பனடோலைக் கையில் எடுத்தும் விழுங்கவில்லை,
உள்ளே யாரும் இருந்தால் என்று.
இனி விழுங்கலாம்.
அலுமாரித் தட்டில் அப்படியே கிடக்கிறது.
ஏனோ கை போகவில்லை.

இவருடைய அரைப் போத்தலைக் கழுவினேன்.
ஆண்களின் இடுப்புக்கென்று வளைத்த கண்ணாடி
கொப்பூழுக்குக் கீழே
அளவெடுத்துச் செய்ததுபோல் பொருந்தும்.
கொதிதண்ணியை எடுத்த எடுப்பில் ஊற்றினால் வெடிக்கும்.
முதலில் இளஞ்சூடு, பிறகு சூடு,
மூடியை இறுக்கி
சோடி தொலைந்த சொக்ஸ் ஒன்றுக்குள் நுழைக்க வேண்டும்.
ஆடிப் புழுக்கத்தில், ஃபேனுக்குக் கீழே,
வேர்த்து வேர்த்து ஒத்தடம் பிடிக்கிறேன்.

"முடிஞ்சா எனக்குத் தாங்க மச்சாள்,
நாரி பிளக்குது."

"வயித்துல வைக்கப்படா வதனி, நாரியில மட்டும்.
கனக்கச் சூடும் வேணா."

மிட்வைஃப் அவளுக்குச் சொன்னது
எனக்கேன் பாடம்?
கிளினிக் நாட்களில் கூடப் போய்
வாங்கின் ஓரத்தில் இருந்து
பெயர் பதியாத வகுப்பில் எல்லாம் கேட்டேன்.
விடியச் சத்தி வந்தால் எழும்ப முதல் ஒரு கிரக்கர்.
இடப்பக்கம் சரிந்து படுக்க வேண்டும்,
முழங்கால்களுக்கிடையில் தலையணை.
நெஞ்செரிவுக்குக் கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக்
கீழே இரண்டு கல்.
(அந்தக் கல்லைத் தூக்கி வைத்தது நான்.
பாரம் தூக்கினதாலோ என்று
இன்று பின்னேரம் குளியலறையில் நின்று கணக்குப் பார்த்தேன்.)

போத்தல் அவளிடம் போனது.
ஆறித் திரும்பி வந்தது.
கேத்தல் கொதித்தது. மறுபடி போனது.
ஒரே தண்ணிதான்,
ஒரு வலி தாங்கிக்கொண்டிருப்பது,
ஒரு வலி கைவிட்டது.

நடுச்சாமத்தில் கத்தினாள்.
கெண்டைக்கால் கல்லாய்த் திரண்டிருந்தது.
குதிக்காலை ஒரு கையில் ஏந்தி
விரல்களை முழங்கால் பக்கம் மடக்கிப் பிடித்து
எண்ணினேன். இருபது. முப்பது.
இறுக்கம் விட்ட பிறகும் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு ஏது நித்திரை.
பாயை விரித்து
இரண்டு பேரும் நாலு காலில் நின்றோம்.
மூச்சை விட்டு முதுகை மேலே வளைக்க வேண்டும்,
இழுத்துக்கொண்டே நிமிர்த்த வேண்டும்.
இதுவும் கிளினிக்கில் படித்ததுதான்,
அவளுக்கு நாரி நோவுக்கு, எனக்கு மாத நோவுக்கு.
"அண்ணன் இப்ப வந்தாரெண்டா
வீடு மாறிட்டன் எண்டு திரும்பிப் போயிருவார்."
அவள் சிரித்தாள்.
நானும் சிரித்தேன்.
சிரிப்போடு கொஞ்சம் இரத்தமும் போனது.

சிரிப்பு அடங்கினதும்
தரையைப் பார்த்தபடியே கேட்டாள்,
"எத்தின நாள் பிந்தினது?"

"பதினொண்டு."

ஒன்றும் சொல்லவில்லை.
சுவரைப் பிடித்து, முழங்காலைப் பிடித்து,
ஒருமாதிரி எழும்பிக்
குசினிக்குப் போனாள்.
இந்த முறை போத்தலை நிரப்பினது அவள்.
இளஞ்சூட்டில் அலசினாளோ தெரியாது,
வெடிக்கவில்லை.
"இந்தாங்க, வயித்துல வையுங்க.
நீங்க வைக்கலாந்தானே."

சொன்ன பிறகுதான் அவளுக்கும் கேட்டிருக்க வேண்டும்.
சொக்ஸை நீவி நீவிச் சரிசெய்தாள்.

கடற்கரையில் ஒலிபெருக்கி செருமியது:
நீலக் காற்சட்டை, மூன்று வயது மதிக்கலாம்,
பெயர் சொல்லத் தெரியவில்லை,
உரியவர்கள் உடனே வரவும்.

மறுபடியும் ஒருமுறை.

இரண்டு பேரும் அசையாமல் இருந்தோம்,
அவள் கை வயிற்றில், என் கை போத்தலில்.
யாரோ போயிருக்க வேண்டும்.
மூன்றாம் முறை வாசிக்கவில்லை.