விரல் விழுந்த பக்கம்

இலவசம்தான்.
நூறு வயதான புத்தகத்துக்கு
உரிமை கேட்க யாரும் மிச்சமில்லை.
ராத்திரி எழுபது சதவீதத்தில் நின்ற தரவிறக்கம்
குலசேகரத்து மழை விட்டதும்
மறுபடி நகர்ந்தது.

மார்த்தாண்டம் மேம்பாலத்தின் அடியில்
பெல்சன் கடையில் அச்செடுக்க
பக்கத்துக்கு ஒரு ரூபாய், நூற்றெண்பத்தாறு.
"இலவசத்துக்கு இவ்வளவு விலையா டீச்சர்?" என்றார்.
நான் டீச்சர் இல்லை.
ஒரே ஒரு பிள்ளைக்கு, சமையலறை மேசையில்,
குக்கர் மூன்று சத்தம் போடும்வரை.

"எந்த ஸ்கூல்?" என்று பஸ்ஸில் கேட்டால்
"எங்க வீட்டு ஸ்கூல்" என்பாள் ஜெர்ஷா.
படித்தவர்கள் நிறைந்த மாவட்டம் இது;
அடுத்த ஸ்டாப் வரை அனுதாபப்படுவார்கள்.
அவளுடைய சித்தப்பா மட்டும் நேராகவே கேட்டார்:
"பிள்ளைக்கு வல்ல சொகக்கேடும் உண்டா?"

கணக்குப் பாடத்தில்
பதினாறு காசு ஒரு சக்கரம்,
நாலு சக்கரம் ஒரு பணம்,
ஏழு பணம் ஒரு ரூபாய்.
ரப்பர் ஷீட் விற்ற துண்டுச் சீட்டை உருவி
அப்பாவின் மூவாயிரத்து இருநூறை
எண்பத்தொன்பதாயிரத்து அறுநூறு சக்கரமாக்கித் தந்தாள்.
அன்று அவர் மீன் வாங்கப் போன நடையே வேறு.

சூரியனுக்கு எட்டுக் கோள்கள் என்றது புத்தகம்.
எட்டுதானே, என்றாள்.
நடுவில் ஒன்பது படித்தவள் நான்;
ஒன்பதுக்கு மார்க்கும் வாங்கியிருக்கிறேன்.

ஓரத்தில் பென்சிலால் ஒரு பையன்:
"இது மத்தியாஸ் புஸ்தகம். எடுக்கிறவன் கழுதை."
அதற்குக் கீழே தன் பெயரை எழுதி
"கேட்டு எடுத்தது" என்று சேர்த்துக்கொண்டாள்.
யாரிடம் கேட்டாளோ.

அறுபத்து மூன்றாம் பக்கத்தை
நான் முன்னமே பார்த்துவிட்டேன்.
"நமது தேசத்து ஜனங்கள்" என்று பாடம்.
யார் எங்கே நிற்பது,
யாரை விட்டு யார் எத்தனை அடி தள்ளி,
ஐப்பசியில் மழை பெய்யும் என்று சொன்ன
அதே குரலில் சொல்லிக்கொண்டே போகிறது.
பிள்ளை தூங்கியபின்
அந்தத் தாளை அடுத்த தாளோடு சேர்த்து
மூன்று ஓரமும் பின் அடித்தேன்.

காலையில் பின்கள் சோப்புப் பெட்டியில் கிடந்தன.
எண்ணியும் வைத்திருந்தாள்: பதினொன்று.

அந்தப் பக்கத்தில்தான் விரல்.
எங்கோ ஒரு நூலகத்தில் படமெடுக்கையில்
தாளைப் பிடித்திருந்த யாரோ ஒருவரின் கட்டைவிரல்,
ரப்பர் உறை மாட்டியது,
வரிக்கு நடுவே படுத்து
ஒரு சொல்லை மூடியிருக்கிறது.
தெரியாமல் விழுந்ததா?
மற்ற நூற்றெண்பத்தைந்து பக்கத்திலும்
ஓரத்தைத் தாண்டாத விரல்.

மரம் ஏறுகிறவர்கள்
பிறகு விரல்
பிறகு ஜனங்கள்.

"இதுக்கு அடியில என்னம்மா?"
எனக்குத் தெரியும்.
என் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்,
யாரும் உரக்கச் சொன்னதில்லை.
"கொடியில துணி கிடக்கு, மழை வருது" என்று
நானே எழுந்து போனேன்.
வானம் வெட்ட வெளிச்சமாக இருந்தது.

காயாத துணியோடு திரும்பி வந்தபோது
அவள் அதைக் கோடிட்ட இடம் என்று எடுத்துக்கொண்டு
நகத்தின் மேலேயே நிரப்பியிருந்தாள்.
உயரமான.

மரம் ஏறுகிறவர்கள் உயரமான ஜனங்கள்.

"சரியா?"
எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்த்தேன்.
சிவப்புப் பேனாவைத் தேடினேன்.
குக்கர் எத்தனை சத்தம் போட்டதென்று
இரண்டு பேருக்கும் தெரியவில்லை.