காற்புள்ளி

லியபாயாவில் அன்று கடற்காற்று
ஜன்னல் சட்டங்களை உலுக்கிக்கொண்டிருந்தது.
ஒருபுறம் மட்டும் தெரியும் கண்ணாடிக்குப் பின்னால்
நானும் இல்க்வார்ஸும்,
தொண்டைக் கட்டோடு விஸ்மாவும்.

அந்தப் பக்கம் ஸ்கைத்ரீதே.
டிராம் ஓட்டுநர். காலைப் பணி முடித்து
சீருடையோடே வந்திருந்தார்.
இருபது யூரோ தருகிறீர்களாமே, அதற்காகத்தான் என்றார்,
ஒளிக்காமல்.

வேலை சின்னது:
தண்ணீர் மீட்டரின் இந்த மாதக் கணக்கை
எங்கள் தளத்தில் பதிய வேண்டும்.
நாற்பது நொடி என்று
முன்பே எழுதி வைத்திருந்தேன்.

வீட்டில் எடுத்த படத்தைப் பார்த்துப் பார்த்து
ஒற்றை விரலால் தட்டினார்:
இருநூற்றுப் பதினான்கு, காற்புள்ளி, ஆறு.
சிவப்பில் ஒரு வரி: தவறான உள்ளீடு.

மறுபடி.
அதே எண், இன்னும் மெதுவாக,
காது மந்தமானவரிடம் சொல்வதுபோல.
அதே சிவப்பு.
"மன்னிக்கணும், எனக்கு இதெல்லாம் அவ்வளவா வராது"
என்றார்
திரையிடம்.

புள்ளி வையுங்கள் என்று சொல்ல
ஒலிவாங்கியின் பொத்தானுக்குப் போனது என் கை.
விஸ்மா மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.
"அவங்க வீட்டில நீ இருக்கமாட்ட."

பத்தடி தூரத்தில் ஒருவர் வழுக்குவதை
கைகட்டிப் பார்த்திருந்தால் தெரியும்
ஏழு நிமிடம் எவ்வளவு நீளம் என்று.

இந்த நாட்டுப் பள்ளிகளில்
தசமத்துக்குக் காற்புள்ளிதான்.
எனக்கும் அதையேதான் சொல்லிக்கொடுத்தார்கள்.
ரொட்டியின் விலையில் இருக்கிறது,
காய்ச்சலின் அளவில் இருக்கிறது,
என் மகள் பிறந்தபோது
அவள் எடையின் நடுவில் இருந்தது.
விசைப்பலகை முன் உட்கார்ந்ததும்
எப்படியோ மறந்துபோயிருக்கிறேன்.
ஐந்து மாதக் கூட்டங்களில்
பொத்தானின் நீலத்துக்காக இரண்டு முறை சண்டை போட்டோம்.
இந்தக் கடுகளவு வளைவுக்காக
யாரும் வாய் திறக்கவில்லை.

எட்டாவது நிமிடம்
கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.
"அலுவலகத்துக்கே போய் எழுதிக் கொடுத்துடறேன்.
அங்கே கவுண்டரில் ஒரு பெண் இருக்கா, நல்லவ."
அந்தக் கவுண்டரை மூடுவதற்காகத்தான்
இந்தத் தளம்.
எங்கள் பக்கம் யாரும் சிரிக்கவில்லை.

வியாழன் மாலை டிராமில் ஏறினேன்.
ஓட்டியது அவர்.
ஒவ்வொரு நிறுத்தத்திலும் கதவை மூடுமுன்
பக்கக் கண்ணாடியில் பார்த்தார்:
குழந்தை வண்டியின் பின்சக்கரம் ஏறிவிட்டதா,
ஈரத்தில் ஓடிவரும் பையன் இன்னும் எத்தனை அடி.
பார்த்த பிறகே மூடினார்.
அதை அவர் ஒரு பெரிய விஷயமாக நினைத்ததாகத் தெரியவில்லை.

என்னை அவருக்கு அடையாளம் தெரியாது.
நான் இருந்த பக்கத்துக்கு முகம் கிடையாது.

பாதி வழியில் இல்க்வார்ஸின் செய்தி:
"புள்ளி, காற்புள்ளி, ரெண்டும் இப்போ ஏத்துக்கும்.
ஒரு வரிதான் மாத்தினேன்."

ஒரு வரிதான்.

என் நிறுத்தம் வந்தது.
குடையை விரிக்க நேரமாயிற்று எனக்கு.
கதவு காத்திருந்தது.