வசூலிக்கத்தக்க செலவுகள்

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட வாரம்
லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து ஒரு பழக்கூடை வந்தது.
அன்னாசி, பச்சைத் திராட்சை,
பெயர் தெரியாத ஏதோ ஒன்று, முள் வைத்தது.
'குடும்பத்துக்கு நல்வரவு' என்றது அட்டை.
டுலூத்தில் அன்று பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தாறு.
வாசலிலேயே உறைந்து கிடந்தது திராட்சை.
கோலிக்குண்டைக் கடிப்பதுபோல் கடித்தோம்
பல் கூச, சிரிக்கச் சிரிக்க.

'ஈரத் தீக்குச்சிகள்' என்று பெயர் வைத்தவள் மார்லிஸ்.
அவள் பாடுவாள். கிதார் டெல் ஸ்கோக்லண்ட்.
பேஸ் வாசித்த வைனோ
பகலில் தாதுக் கப்பலுக்குச் சரக்கேற்றுவான்.
டிரம்ஸ் நான்.
சலவைக்கடையின் பின்னறையில் ஒத்திகை.
சுவருக்கு அந்தப் பக்கம் பதினொன்றாம் எண் உலர்த்தி
யாரோ மறந்த ஷூ ஒன்றைச் சுழற்றிச் சுழற்றி அடிக்கும்.
அதன் வேகத்தில்தான் பாதிப் பாட்டுகளைக் கட்டினோம்.
பங்கு கேட்டு அந்த ஷூ வரவில்லை.

பத்துப் பாடல்கள் பதிந்தோம்.
பெரிய மேஜைக்குப் பின்னால் ஒருவர்
கண்ணை மூடிக் கேட்டார்.
நாலாவது பாட்டில் தொலைபேசியை எடுத்தார்.
"நல்லாத்தான் இருக்கு.
ரேடியோவுக்கு ஒண்ணுகூட இல்லையே."
அவ்வளவுதான்.
வெளியிடவும் மாட்டார்கள், விடவும் மாட்டார்கள்.
இன்னும் ஆறு ஆல்பம் பாக்கி,
அதுவரை அந்தப் பெயரில்
எங்கும் வாய் திறக்கக் கூடாது.

மார்லிஸ் ஒருநாள்
பௌலிங் கூடத்தில் பெயரில்லாமல் பாடினாள்.
'இன்றிரவு: சிலர்' என்று சுவரொட்டி.
பதினேழு பேர் வந்தார்கள், அதில் இருவர் வழி தவறி.
மறுவாரம் வக்கீல் கடிதம்.
பதினேழில் யார் என்று
இன்றைக்கும் முகம் முகமாய் எண்ணிப் பார்க்கிறேன்.

ஜூனில் முதல் கணக்கு வந்தது.
ஒலிப்பதிவு. விமானம்.
நால்வருக்கும் முடிதிருத்தம்
(வைனோவுக்குத் தலையில் முடியே கிடையாது).
கடைசிக்கு முந்தின வரியில்:
பழக்கூடை ஒன்று, அறுபத்து நாலு டாலர் ஐம்பது.

கம்பெனியை ஒருவர் வாங்கினார்.
அவரை இன்னொருவர்.
இப்போது வெந்நீர்க் கொதிகலன் விற்பவர்கள் வசம்.
எங்கள் ஒலிநாடாக்கள் எங்கே என்று கேட்டேன்.
தொலைபேசியில் அந்தப் பெண் நல்லவள்தான்.
"அப்படி ஒரு தலைப்பே எங்க பட்டியல்ல இல்லைங்களே."
கடன்?
விசைகள் தட்டும் சத்தம்.
"ஆங், அது இருக்கு."

நான் இப்போது மாநகராட்சியின் பனிவாரி ஓட்டுகிறேன்.
விடியற்காலை நாலு மணி,
சாக்கடை மூடியில் தகடு மோதும்போதெல்லாம்
ஐந்தாவது பாட்டின் முதல் அடி.
நேற்று அந்த நேரத்தில் மார்லிஸ் அழைத்தாள்.
"ரெண்டாவது சரணம் ஞாபகம் இருக்கா உனக்கு?"
பன்னிரண்டு வருஷம் பின்னால் உட்கார்ந்து
அவள் முதுகைத்தான் பார்த்திருக்கிறேன்.
வரிகளைக் கேட்டதேயில்லை.
தெரிந்ததைச் செய்தேன்:
சாவியால் ஸ்டீயரிங்கில் தட்டினேன்,
அந்தப் பக்கம் மூச்சு மட்டும்.
பிறகு முனகல்.
பிறகு மூன்று சொல் கிடைத்தது.
ஒன்று 'உப்பு'.

வண்டியை ஓரங்கட்டி
மற்றதுக்குக் காத்திருந்தேன்.
இண்டிகேட்டர் டிக் டிக்கென்று
தப்பான வேகத்தில் அடித்துக்கொண்டிருந்தது.